எத்தனை பேருக்குச் சாப்பாடு போடுகிறீர்கள்?

எங்கள் பழைய தெரு டீச்சர் முதுகலைப் படிப்பை முடிக்க முடியாமல் விட்டுவிட்டார் என்று போன மாதம் ஒரு திருமண மண்டபத்தில் பக்கத்து இலைக்காரர் என்னிடம் சொன்னார். "கெட்டிக்காரிதான் லா. ஆனா கடைசில முடியல. பாவம்" என்று சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்கினார். இந்த வயதில் ஆத்திரப்படக் கூடாது என்று மருத்துவர் எனக்குச் சொல்லியிருக்கிறார். பட்டேன். முடியவில்லை என்பது பொய். பாவம் என்பது அதைவிடப் பெரிய பொய். அந்த மனுஷியின் காதுபட யாராவது பாவம் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கு அவர் நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்திருக்க முடியாது.

பட்டம் கிடைக்கவில்லை என்பது உண்மை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு 1985, 86, 87 மூன்று ஆண்டு நாட்குறிப்புகள் என் அலமாரியில் இருக்கின்றன. அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. கேட்பதற்கு ஆள் இல்லாமல் போய்விட்ட பிறகு ஒப்புக்கொள்வது சுலபம் என்பதும் எனக்குத் தெரியும்.

அப்போது நான் கோலாலம்பூரில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. பிரிக்பீல்ட்ஸில் வாடகை வீடு. எதிர் வரிசையில் ஒரு மாடியில் இரண்டு அறைகளை எடுத்துக்கொண்டு டீச்சர் தனியாக இருந்தார். நாற்பதை நெருங்கியவர். கிள்ளானில் ஓர் இடைநிலைப்பள்ளியில் மனையியல் ஆசிரியை. காலை ஆறு மணிக்கு ஹோண்டா கப்சாய் மோட்டார் சைக்கிள் உறுமினால் டீச்சர் புறப்பட்டுவிட்டார் என்று பொருள். சேலையைக் கணுக்காலுக்கு மேலே ஒரு துணிக்கிளிப்பால் இறுக்கி, கொண்டையை ஹெல்மெட்டுக்குள் திணித்து, முன்கூடையில் அடுக்களைத் தராசு ஒன்றைத் துண்டால் சுற்றி வைத்துக்கொண்டு போவார். தராசு எதற்கு என்று தெருவில் கேட்காதவர்கள் இல்லை. எல்லாருக்கும் ஒரே பதில்தான்: "எடை போட."

எதையும் குத்துமதிப்பாகச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. "சின்னவன் ரொம்ப இளைச்சிட்டான் டீச்சர்" என்று என் மனைவி சரசு ஒருநாள் சொன்னாள். "எடை போட்டீங்களா அக்கா?" என்றார். போடவில்லை. மாடிக்கு அழைத்துப்போய் ஆள் நிறுக்கும் தராசில் போட்டார். கிளினிக் அட்டையில் இருந்ததைவிடப் பையன் ஒன்றரைக் கிலோ கூடியிருந்தான். சரசு இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

கோபம் வந்தால் சத்தம் போட மாட்டார். அவருடைய தமிழ்தான் மாறும். சாதாரணமாக மலேசியாவில் எல்லாரையும் போல 'லா' சேர்த்துத்தான் பேசுவார், 'போறேன், வரேன், என்னா லா' என்று. கோபம் ஏற ஏற மரியாதை ஏறும். 'அண்ணே' போய் 'ஐயா' வரும். 'நீங்க' போய் 'தாங்கள்' வரும். வாக்கியம் முழுசாக, இலக்கணமாக, குரல் தாழ்ந்து வரும். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு இது தெரியும். "டேய், டீச்சர் செந்தமிழ் பேசுறாங்க, ஓடுறா" என்பார்கள்.

1985 ஜூன் மாதம் அவர் முதுகலைக்குச் சேர்ந்தார். ஆங்கிலத்தில் அந்தப் படிப்புக்கு நீளமான பெயர். குடும்பம், நுகர்வு, இரண்டையும் பற்றிய அறிவியல் என்று நான் தமிழில் சொல்லிப் பார்த்தேன். பிரிக்பீல்ட்ஸ் அதை 'சமையல் படிப்பு' என்று சுருக்கிவிட்டது. அந்த வருடம் கோயில் மண்டபத்தில் ஒரு பரிசளிப்புத் தேநீர் விருந்தில் ஓய்வுபெற்ற தலைமைக் குமாஸ்தா ஒருவர், பத்துப் பேர் கேட்கச் சொன்னார்:

"டீச்சரு மாஸ்டர்ஸ் படிக்கிறாங்களாம். சமையல்ல மாஸ்டர்ஸ் எதுக்கு டீச்சர்? ரொட்டி சானாய் கடையில எல்லாருமே மாஸ்டருதான்!"

நன்றாகத்தான் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நாட்குறிப்பில் இருக்கிறது. டீச்சர் கோப்பையை வைத்தார்.

"ஐயா, தங்கள் இல்லத்தில் ஒரு நாளைக்கு எத்தனை டின் அரிசி வேகிறது என்று சொல்ல முடியுமா?"

காலிப் பால் டின்னில் அரிசி அளப்பதுதான் அப்போது எல்லா வீட்டிலும் வழக்கம். மனுஷன் விழித்தார். "அது... வீட்டுல கேட்டாத்தான் தெரியும்."

"முப்பத்தைந்து வருடமாக உண்கிறீர்கள். தங்களுக்குத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் நான் படிக்கிறேன். தாங்கள் வடையைச் சாப்பிடுங்கள்."

அவர் படிக்க நினைத்தது அதைத்தான். கிள்ளான், காப்பார், செலாயாங் மூன்று இடங்களிலும் கூலி வேலைக் குடும்பங்கள் சிலவற்றை எடுத்துக்கொண்டு, ஒரு வீட்டு அடுப்பில் எவ்வளவு வேகிறது, அது எத்தனை தலைக்குப் பிரிகிறது என்று கணக்கிடுவது. பல்கலைக்கழகத்தில் யாரும் எங்கள் வீட்டு அடுப்புகளைப் பற்றி அதுவரை எழுதவில்லை என்பார். அவருடைய அம்மா காப்பார் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை செய்தவர். அதற்குமேல் அம்மாவைப் பற்றி அவர் சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை.

1986 பிப்ரவரியில் ஒரு ஞாயிறு மாலை, கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு வந்தார். ஆங்கிலத்தில் இருந்ததைத் தானே தமிழாக்கியிருந்தார். தெருவில் என் தமிழுக்கு ஒரு பெயர் இருந்தது. பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதுவேன், பழைய இலக்கியம் படித்தவன், மனு எழுத வேண்டியவர்கள் என்னிடம்தான் வருவார்கள். அந்தப் பெயரை நான் மிகவும் விரும்பினேன்.

மூன்றாவது கேள்வியில் பென்சிலை வைத்தேன். அவர் எழுதியிருந்தது இது: 'இச்சமையலறையிலிருந்து உணவு பெறுவோர் எத்தனை பேர்?'

"இது தமிழா டீச்சர்? கோர்ட்டு சம்மன் மாதிரி இருக்கு. பொம்பளைங்க பயந்துருவாங்க."

"இங்கிலீசுல அப்படித்தாண்ணே இருக்கு."

"இங்கிலீசுல இருக்கட்டும். வீட்டுல நம்ம எப்படிப் பேசுறோமோ அப்படிக் கேக்கணும்." அடித்துவிட்டு எழுதினேன்: 'நீங்கள் வீட்டில் எத்தனை பேருக்குச் சாப்பாடு போடுகிறீர்கள்?'

அவர் இரண்டு தடவை வாசித்துப் பார்த்தார். "ஆமாண்ணே. இதுதான் பேச்சு மாதிரி இருக்கு" என்றார். சரசு காப்பி கொண்டுவந்து வைத்தாள். அன்றைய குறிப்பின் கடைசி வரியில், 'டீச்சரின் கேள்விகளைச் செப்பனிட்டுக் கொடுத்தேன். மகிழ்ந்தார்' என்று இருக்கிறது. இப்போது அந்தப் பக்கத்தைத் திறந்தாலே எனக்குக் கூசுகிறது.

மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை அவர் வீடு வீடாகப் போனார். ஓராண்டு படிப்பு விடுப்பு எடுத்திருந்தார். வெயிலில் முகம் கறுத்துப்போனது. ஒவ்வொரு வீட்டிலும் அரிசி, பருப்பு, மீன், காய் எல்லாவற்றையும் நிறுத்து, என்னுடைய அழகான கேள்வியைக் கேட்டு, வந்த எண்ணால் வகுத்தார்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை மாலை, செருப்பைக் கழற்றாமல் எங்கள் வீட்டுக்குள் வந்தார்.

"ஐயா, தங்களிடம் சற்றுப் பேச வேண்டும்."

அந்த 'ஐயா'வைக் கேட்டதும் பத்திரிகையை மடித்து வைத்தேன்.

நடந்தது இதுதான். கணக்குப் போட்டுப் பார்த்ததில் ஒவ்வொரு தலைக்கும் விழுந்த சோறு அதிகமாக இருந்திருக்கிறது. காகிதத்தில் எல்லாக் குடும்பங்களும் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. ஆனால் அவர் பார்த்த பெண்கள் வெளிறிப்போய், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறவர்களாக இருந்தார்கள். எண் ஒன்று சொல்கிறது, கண் ஒன்று சொல்கிறது. அவருக்குத் தூக்கம் போயிற்று. கிள்ளானில் ரயில் பாதை ஓரத்துக் கம்பத்துக் குடியிருப்பில் அஞ்சலை என்று ஒரு லோரி ஓட்டுநரின் மனைவி. முதல் மாதமே பார்த்த வீடு. அங்கே திரும்பப் போய், மத்தியானச் சோற்று நேரத்தில் உட்கார்ந்து தலைகளை எண்ணியிருக்கிறார். தாளில் ஆறு. வீட்டில் ஏழு.

"ஏன் அஞ்சலை, ஆறுன்னு சொன்னீங்க?" என்று கேட்டதற்கு அஞ்சலை சொன்ன பதிலை டீச்சர் அப்படியே எங்களிடம் சொன்னார். அதை மட்டும் செந்தமிழில் சொல்லவில்லை.

"'யாருக்கு சாப்பாடு போடுறேன்னுதானே டீச்சர் கேட்டீங்க? எனக்கு யாரு போடுறா?'"

எனக்கு உடனே உறைக்கவில்லை. வெட்கக்கேடு, நான் இலக்கணம் பேசினேன். சாப்பாடு போடுவது என்றால் உணவளிப்பது, பொதுவான வழக்கு, அந்தப் பெண்தான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்றேன்.

டீச்சர் அடுக்களைப் பக்கம் திரும்பினார். "அக்கா, உங்க வீட்டுல எத்தனை பேருக்குச் சாப்பாடு போடுறீங்க?"

"நாலு பேருக்கு" என்றாள் சரசு, வெங்காயத்திலிருந்து தலையெடுக்காமல். ஒரு நொடி யோசிக்கவில்லை.

எங்கள் வீட்டில் ஐந்து பேர். நான், என் அப்பா, இரண்டு பிள்ளைகள், சரசு.

"உன்னைச் சேர்க்கலையா?" என்றேன்.

"என்னை என்னத்தச் சேக்கறது? நான்தான் போட்டுக்கிட்டு சாப்பிடுறேனே."

போடுவது வேறு, போட்டுக்கொள்வது வேறு. 'பெறுவோர்' என்று டீச்சர் முதலில் எழுதியிருந்த சம்மன் தமிழில் சரசுவுக்கு இடம் இருந்தது. என்னுடைய வீட்டுத் தமிழில் இல்லை. பதினான்கு வருடம் அவள் போட்டுச் சாப்பிட்டிருக்கிறேன். பொருட்பிழை எங்கே என்று இன்னொருத்தி வந்து காட்ட வேண்டியிருந்தது.

"தாங்கள் திருத்தியதற்கு நன்றி" என்று சொல்லிவிட்டு டீச்சர் போனார். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பல்கலைக்கழகத்தில் அவருக்கு மேற்பார்வையாளராக இருந்த பேராசிரியர் நம்மவர்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லையாம். "இதுக்கு ஏன் இவ்வளவு டென்ஷன்? எல்லா கேள்வி பாரத்துலயும் ஒண்ணு கூட்டிடுங்களேன் லா. எல்லா வீட்டுலயும் ஓர் அம்மா இருப்பாங்கதானே?" டிசம்பரோடு விடுப்பு முடிகிறது, ஒரு மத்தியானத்தில் முடியக்கூடிய வேலை என்று அவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருக்கிறார். அந்த நல்ல மனதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் கொதிக்கிறது.

டீச்சர் கூட்டவில்லை. சில வீடுகளில் பெண்கள் தங்களையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். சில வீடுகளில் போடுகிறவள் அம்மாவாக இல்லாமல் நாத்தனாராக, மருமகளாக இருக்கலாம். ஒருத்திக்குப் பதில் இரண்டு பேர் விடுபட்டிருக்கலாம். "எடை போடாம ஒண்ணு கூட்டுறதுக்கு நான் எதுக்கு?" என்றார். எல்லா வீட்டுக்கும் திரும்பப் போவது என்று முடிவெடுத்தார். விடுப்பு முடிந்து பள்ளிக்கூடம் திறந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும்தான் மிஞ்சும்.

நானும் வருகிறேன் என்றேன்.

"வாங்க. தராசைப் பிடிங்க. பேனாவை மட்டும் வீட்டுல வச்சிட்டு வாங்க."

அப்படித்தான் 1986 அக்டோபரில் ஒரு ஞாயிறு, கப்சாயின் பின்சீட்டில் தராசை மடியில் வைத்துக்கொண்டு கிள்ளானுக்குப் போனேன். என்னைப் பார்த்துத் தெரு சிரித்தது. முதலில் அஞ்சலை வீடு. டீச்சர் தன் பழைய கேள்வியைக் கேட்டுப் பார்த்தார்: "இச்சமையலறையிலிருந்து உணவு பெறுவோர்..."

"என்னா டீச்சர், ரேடியோவுல செய்தி வாசிக்கிற மாதிரி?" என்று அஞ்சலை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"சரி, உங்களையும் சேர்த்து எத்தனை பேரு?"

"என்னைச் சேத்தா ஏழு. ஆனா அடுத்த வீட்டுல இப்படிக் கேட்டீங்கன்னா ஒதவாது டீச்சர். அங்க அந்த அம்மா தன்னைச் சேத்துக்கும். அதோட நாத்தனா ஒண்ணு பின்னாடி கெடக்கு, அதைச் சேக்காது." அஞ்சலை சிரிப்பை விட்டுவிட்டாள். கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "கடைசியா யாரு சாப்பிடுறான்னு கேளுங்க. அவள்லேர்ந்து மேல எண்ணிக்கிட்டு வாங்க. ஒருத்தரும் தப்ப மாட்டாங்க."

டீச்சர் எழுதவே இல்லை. அஞ்சலையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்து வண்டியை உதைத்தபோது சொன்னார்: "லைப்ரரியில ஒன்றரை வருஷம் உக்காந்திருக்கேன். ஒருத்தன் எழுதலை இதை. ஒருத்தன்!" வண்டி கிளம்பவில்லை. மறுபடியும் உதைத்தார். அந்த வண்டி மேல் எனக்குப் பரிதாபமாக இருந்தது.

1987 மே வரை ஞாயிறுகள் அப்படிப் போயின. கேள்வி அஞ்சலையின் கேள்வி. கடைசியில் சாப்பிடுகிறவளில் தொடங்கி மேலே எண்ணுவோம். பழைய தாளில் இருந்த எண்ணுக்குப் பக்கத்தில் புதிய எண்ணை எழுதுவார். காப்பாரில் ஒரு வீட்டில் மாமியார்தான் பதில் சொன்னார். கடைசியில் சாப்பிடுவது யார் என்றதும் அந்த அம்மாள் பின்கட்டைத் திரும்பிப் பார்த்தார். அங்கே மருமகள் சட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள். "அவ எப்ப சாப்பிடுறான்னு நான் பாத்ததில்லையே" என்றார். பொய் சொல்லவில்லை அந்த அம்மாள். நிஜமாகவே அப்போதுதான் யோசித்தார்.

"அடப் பாவமே" என்று என் வாயில் வந்துவிட்டது.

டீச்சர் என் பக்கம் திரும்பி, "அந்தப் பாவத்தை எடை போட்டீங்களா?" என்று கேட்டார். பிறகு மருமகளை உள்ளே கூப்பிட்டு, அவளுக்கு முன்னால் ஒரு தட்டை வைத்து, பானையில் மிச்சமிருந்ததை அப்படியே எடுத்து நிறுக்கச் சொன்னார். நிறுத்தேன். எண்ணைச் சொன்னேன். மாமியார் எழுந்து வெளியே போய்விட்டார்.

எல்லாம் முடிந்து ஆய்வை எழுதியபோது அதில் ஓர் அத்தியாயம் இரண்டு எண்களைப் பற்றியது. ஒவ்வொரு வீட்டுக்கும் முதலில் வந்த எண், பிறகு வந்த எண், இடையில் விடுபட்டவர் யார். பேராசிரியர் அந்த அத்தியாயத்தை எடுக்கச் சொன்னார். தவறான மொழிபெயர்ப்பால் வந்த தவறான பதில்களை யாரும் ஆய்வில் காட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள், சரியான எண்களை மட்டும் வைத்தால் பட்டம் நிச்சயம் என்றார். அந்த அத்தியாயம் இருக்கும்வரை கையெழுத்துப் போட முடியாது என்றும் சொல்லிவிட்டார். சமர்ப்பிக்கக் கடைசி நாள் நவம்பரில்.

அதைச் சொல்ல டீச்சர் வந்த அன்று நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நான் யோசனை சொன்னேன்.

"எடுத்துருங்க டீச்சர். முப்பது பக்கம்தானே? தப்பு என்னுது. என் தப்பை நீங்க ஏன் சுமக்கணும்? பட்டத்தை வாங்கிருங்க. அப்புறமா தனியா எழுதிக்கலாம்."

இதையும் நல்ல மனதோடுதான் சொன்னேன். நல்ல மனதுக்காரர்கள் நாங்கள் இரண்டு பேர், அந்தப் பேராசிரியரும் நானும்.

சரசு எனக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டியை நிறுத்தினாள். "எடுத்துருங்கன்னு சொல்றது சுலபம். அந்த முப்பது பக்கத்துல இருக்கிறது நாங்கதான்."

டீச்சர் சிரித்ததை நான் பார்த்தது மிகக் குறைவு. அப்போது லேசாகச் சிரித்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "தப்பு உங்களுதுன்னு நீங்களா ஏன்ணே எடுத்துக்கிறீங்க? நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைச்சு உங்க மேல கோபமா இருந்தேன். உங்க தமிழு சரியாத்தான் இருக்கு. வீட்டுல பேசுறதைத்தான் எழுதினீங்க. கேட்ட கேள்வியும் சரி, அவளுங்க சொன்ன பதிலும் சரி. அதுதான் எனக்கு வயித்தெரிச்சல். தப்பா இருந்தா அடிச்சுட்டுப் போயிருவேனே. தப்பே இல்லாம இத்தனை பேரு விட்டுப்போயிருக்காளுங்க. அதை எடுத்துட்டு நான் எந்தப் பட்டத்தை வாங்கி எங்க மாட்டுறது?"

ரசம் ஆறிப்போயிற்று.

பட்டம் வாங்கியிருந்தால் பதவி உயர்வு வந்திருக்கும். பாடத்திட்டக் குழுவில் போட்டிருப்பார்கள். வாங்காததால் கிள்ளானிலேயே, அதே வகுப்பறையில், ஓய்வுபெறும்வரை மனையியல் ஆசிரியையாக இருந்தார். பின்னால் வந்த இளையவர்கள் அவருக்கு மேலதிகாரிகளாக வந்து, சமையல் டீச்சர் என்று கூப்பிட்டார்கள். ஒவ்வொரு முறையும் செந்தமிழில் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். சாகும்வரை அந்தக் கோபம் குறைந்ததாக நான் பார்க்கவில்லை. குறைந்திருக்க வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. பக்கத்து இலைக்காரருக்குத் தெரிந்தது இந்தக் கடைசிப் பகுதி மட்டும்தான்.

அவருக்குத் தெரியாதது 1987 நவம்பர், ஒரு வெள்ளிக்கிழமை. சமர்ப்பிக்கக் கடைசி நாள். அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நானும் போயிருந்தேன். பட்டமேற்படிப்பு அலுவலகத்தின் சாளரத்தின் முன்னால் பத்து மாணவர்கள் வரிசையில் நின்றார்கள். டீச்சரின் முறை வந்ததும் கட்டுப்போட்ட ஆய்வை, அந்த முப்பது பக்கங்களோடு, கவுண்டரில் வைத்தார்.

உள்ளே இருந்தவர் ஓர் இளம் மலாய்ப் பெண். கர்ப்பமாக இருந்தார். முதல் பக்கங்களைப் புரட்டினார். மேற்பார்வையாளர் கையெழுத்து இல்லை, எடுத்துக்கொள்ள முடியாது என்று மலாயில் தயவாகச் சொன்னார்.

"எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்றைக்கு வந்தது என்று ஒரு முத்திரை மட்டும் குத்துங்கள்" என்றார் டீச்சர், அதே மொழியில்.

"அதனால் பயன் இல்லையே, அக்கா. திரும்பத்தான் வரும்."

"தெரியும். வந்தது என்று இருக்கட்டும்."

அந்தப் பெண் தயங்கினார். முத்திரை குத்துவதற்கு முன் பக்கங்களை எண்ண வேண்டும் போலிருக்கிறது. கடைசியிலிருந்து புரட்டிக்கொண்டு வந்தார். பின்னிணைப்பில் கேள்வித்தாள் தமிழிலும் மலாயிலும் இருந்தது. ஓரிடத்தில் விரல் நின்றது. கடைசியில் சாப்பிடுவது யார் என்ற வரியை மலாயில் மெதுவாக வாசித்தார். பிறகு நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "சாயா லா, காக்." நான்தான், அக்கா.

டீச்சரின் முகத்தில் காலையிலிருந்து இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று அசைந்தது. கைப்பையைத் திறந்து நிரப்பாத கேள்வித்தாள் ஒன்றை எடுத்துக் கவுண்டரில் விரித்தார். என் பக்கம் கையை நீட்டினார். சட்டைப் பையிலிருந்த பேனாவைக் கொடுத்தேன். பின்னால் நின்ற ஒரு பையன், "சீக்கிரம் லா, அக்கா" என்றான். டீச்சர் திரும்பி அவனைப் பார்த்தார். அவன் கூரையைப் பார்த்தான்.

"சொல்லுங்க" என்றார் டீச்சர். "உங்களிலிருந்து தொடங்கி, மேலே."

அந்தப் பெண் முத்திரையை ஓரமாக வைத்தார். ஒரு கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, மறு கையின் கட்டைவிரலை மடக்கி மலாயில் எண்ணத் தொடங்கினார்.

"சத்து," என்றார். ஒன்று.